நூறாவது கோலைத் தின்ன வந்த மூட்டம்

கிர்க்மோருக்குப் போகிற நாளென்றால் காலையிலிருந்தே எனக்கு எரிச்சல்தான். ஊர் சின்னது, மைதானம் அதைவிடச் சின்னது, அவர்கள் வாய் மட்டும் பெரியது. பதினொரு வருடமாக நாங்கள் அங்கே ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு கிர்க்மோர்க்காரனால் நமக்கு வணக்கம்கூடச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் எரிச்சலோடு போகவில்லை. "இன்னிக்கு நடக்கும் பாருங்க," என்று பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எங்கள் ஊர் இன்வர்டூர். வெளியூர் ஆட்டங்களுக்கு எங்கள் ரசிகர்களின் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவள் நான்தான். முப்பத்தொரு வருடமாக ஒரு வெளியூர் ஆட்டத்தையும் விட்டதில்லை. அன்று சீசனின் கடைசி ஆட்டம். என் தம்பி சோர்லிக்கு வாழ்க்கையிலேயே கடைசி ஆட்டம்.

சோர்லி தச்சன். வாரம் முழுக்கப் படிக்கட்டும் கதவும் செய்துவிட்டு, சனிக்கிழமை இன்வர்டூருக்காகக் கோல் அடிப்பான். பதினான்கு வருடத்தில் தொண்ணூற்றொன்பது கோல். எங்கள் கிளப்பின் நூற்றுச் சொச்ச வருட வரலாற்றில் நூறு அடித்தவர்கள் மூன்றே மூன்று பேர். இவன் நான்காவது ஆளாக வேண்டும். தொண்ணூற்றொன்பதுக்கு வந்து நான்கு வாரமாகப் பந்து உள்ளே போக மாட்டேன் என்கிறது. செவ்வாய்க்கிழமை அவனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நடக்கலாம், மாடி ஏறலாம், பந்து மட்டும் ஆடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே இன்றைக்கு விட்டால் என்றைக்குமில்லை. அவன் வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. முந்தின நாள் கேட்டதற்கு, "அடிச்சா அடிக்கிறேன், இல்லாட்டி தொண்ணூத்தொம்பது. அதுவும் ஒரு நம்பர்தானக்கா," என்றான். பொய். எட்டு வயதில் சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினவன் அவன். அந்தச் சுவரைக் கழுவினவள் நான்.

எங்கள் மாதிரிச் சின்ன லீக்கில் ஒரு வழக்கம். நம் அணி எந்த கோலை நோக்கி ஆடுகிறதோ, அந்த கோலுக்குப் பின்னால் போய் நிற்போம். எதிரணி கோல்கீப்பரின் காதுக்கு நாங்கள் பொறுப்பு. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நாங்களும் மாறுவோம். அவர்கள் கூட்டம் இந்தப் பக்கம், எங்கள் கூட்டம் அந்தப் பக்கம். இரண்டாம் பாதியில் சொந்த கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால் மட்டும் நிற்க மாட்டோம். நின்றால் கோல் வாங்குவோம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நின்றவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

முதல் பாதி சப்பென்று போனது. கோல் இல்லை. சோர்லிக்கு ஒரே ஒரு வாய்ப்பு வந்தது, அதையும் வானத்துக்கு உதைத்தான். இடைவேளை விசில் அடித்ததும் பக்கம் மாறக் கிளம்பினோம். கிர்க்மோரில் பார்வையாளர் மேடைக்கும் கடற்சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதில் ஒருவர் போனால் எதிரே வருகிறவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஊர்க் கூட்டமும் அதில்தான் உரசிக்கொண்டு போயாக வேண்டும்.

எதிரே நெட்டா வந்தாள். இடைவேளை வரைக்கும் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட மட்டன் பை விற்பாள், பிறகு கடையைச் சாத்திவிட்டு ரசிகர்களோடு சேர்ந்துகொள்வாள். கிர்க்மோர்க் கூட்டத்துக்கு அவள் வைத்ததுதான் சட்டம்.

"என்ன இஷ்பெல், உன் தம்பி இன்னும் தொண்ணூத்தொம்பதுலயே குந்திக்கிட்டு இருக்கானாமே? மிச்சம் ஒண்ணப் பேரப்புள்ளைங்கள விட்டு அடிக்கச் சொல்வானா?"

"உன் மட்டன் பை வேகறதுக்குள்ள அடிச்சிருவான்டி. அதுக்குத்தான் இன்னும் நாலு வருஷம் கெடக்கே."

"வெந்தத நாலு தின்னுட்டுத்தான் பேசுது வாய்!"

"தின்னது நாலு, உள்ள கறி இருந்தது ஒண்ணுல!"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். என் பின்னால் வந்த ஸ்பென்ஸ் என் தோளைத் தள்ளினான். ஸ்பென்ஸ் எங்கள் ரசிகர் மன்றச் செயலாளர். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். "அக்கா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா வா. கடலப் பாத்தியா?"

பார்த்தேன். சுவருக்கு அப்பால் கடலைக் காணவில்லை. வெள்ளையாக ஒன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. எங்கள் கரையில் மே மாதம் இது சகஜம். பத்து நிமிடத்தில் கடல்மூட்டம் ஊரை விழுங்கிவிடும், சில நாள் அரை மணியில் திருப்பித் துப்பும், சில நாள் துப்பாது.

நாங்கள் கடல் பக்கத்து கோலுக்குப் பின்னால் போய் நின்றோம். இருபத்தாறு பேர். எங்களுக்கும் களத்துக்கும் நடுவே இடுப்பளவுக் கம்பி வேலி மட்டும். கிர்க்மோர் கூட்டம் எதிர்க்கோடியில், சாலைப் பக்கத்து கோலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டது.

ஐம்பத்தெட்டாவது நிமிடம் இடது பக்கமிருந்து பந்து தாழ்வாக வந்தது. சோர்லி ஓடி வந்தான் என்று சொல்ல மாட்டேன், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓட முடியாது. வந்து சேர்ந்தான். காலை நீட்டினான். பந்து கோல்கீப்பரின் கக்கத்துக்குக் கீழே புகுந்து, எனக்கு ஒரு கை தூரத்தில் வலையில் விழுந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் தொடங்கி மூன்று நாள் தொண்டை வேலை செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். சோர்லி நேராக வேலிக்கு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு நடுங்கியதை நான் உணர்ந்தேன். அதுவும் ஒரு நம்பர்தானாம்!

அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம்தான் நிம்மதி. மூட்டம் சுவரைத் தாண்டி எங்கள் தலைமேல் இறங்கியது. முதலில் எதிர்க்கோடிக் கொட்டகை மறைந்தது, பிறகு நடுவட்டம். எழுபத்து நான்காவது நிமிடம் விசில் கேட்டது. ரெஃப்ரி இரண்டு அணியையும் ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டார்.

"போச்சு," என்றான் ஸ்பென்ஸ். "நடுவுல நின்னு பாத்தா ரெண்டு வலையும் அவரு கண்ணுக்குத் தெரியணும். தெரியாட்டி ஆட்டத்த ரத்து பண்ணிருவாரு. வர்ற புதன்கிழமை முதல்லேருந்து மறுபடி ஆடணும்."

"அப்போ இந்த கோலு?"

"நடக்காத ஆட்டத்துல ஏதுக்கா கோலு?"

புதன்கிழமை என் தம்பி ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருப்பான். அடித்த நூறு மறுபடி தொண்ணூற்றொன்பதாகும், அப்படியே செத்தும் போகும். எனக்கு வந்ததே கோபம். ரெஃப்ரி மேல் இல்லை, தன் கண்ணை அவர் என்ன செய்வார். வெள்ளை வலைக்குப் பின்னால் வெள்ளை மூட்டம் நின்றால் எவனுக்குத்தான் தெரியும்?

அப்போதுதான் உறைத்தது. பின்னால் வேறு நிறம் நின்றால் தெரியுமே! குளிர்காலத்தில் உறைபனிச் சாலையில் உப்பு தூவும் லாரி ஓட்டுகிறவள் நான். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சாலை வேலைக்காரர்கள். அவரவர் ஆரஞ்சு ஜாக்கெட் பஸ்ஸில்தான் கிடந்தது. ஆளை விட்டு எடுத்து வரச் சொன்னேன். பதினான்கு பேர் மாட்டிக்கொண்டு வலைக்குப் பின்னால் தோளோடு தோள் நின்றார்கள். நடுவிலிருந்து ரெஃப்ரி கையை உயர்த்தினார். இந்த வலை தெரிகிறது.

"அந்தப் பக்கம்?" என்றான் ஸ்பென்ஸ்.

அந்தப் பக்கம் கிர்க்மோர்க்காரர்கள் கொட்டகைக்குள் ஆழத்தில் குந்தியிருந்தார்கள். கீழே இறங்கி வலையை ஒட்டி நின்றால் போதும், அவர்களுடைய அடர் சிவப்புச் சட்டைக்கு முன்னால் வலை தெரிந்துவிடும். ஆனால் தோற்றுக்கொண்டிருப்பவர்கள் ஏன் இறங்குவார்கள்? மூட்டம் அவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி வந்திருக்கிறது.

நான் நடந்தேன். சந்து வழியாக, மூச்சு வாங்க, தனியாக. கொட்டகைக்கு முன்னால் நான் போய் நின்றதும் உள்ளே ஒரே கூச்சல்.

"வழி தப்பி வந்துட்டியா? பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது!"

"நெட்டா," என்றேன். "உன் ஆளுங்கள எறக்கி வலைக்குப் பின்னாடி நிறுத்து."

"எதுக்கு? ஒண்ணுக்குச் சைபர்ல தோக்கறதுக்கா?"

"ஆமா. இல்லாட்டி ஜெயிக்கறதுக்கு. இன்னும் பதினாறு நிமிஷம் கெடக்கு."

"மூட்டமே எங்களக் காப்பாத்தும்போது நாங்க எதுக்குடி எந்திரிக்கணும்?"

பேச்சுத் திறமையெல்லாம் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். "செவ்வாக்கிழமை அவனுக்குக் கால வெட்டித் தைக்கிறாங்க. இனிமே ஆட மாட்டான். இந்த ஆட்டம் நின்னா அவன் நூறு போயிரும். வேற ஒண்ணும் இல்ல. கெஞ்சறேன்னே வச்சுக்க."

கூச்சல் அடங்கியது. நெட்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கெஞ்சுகிற இஷ்பெலை அவள் அதுவரை பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

"பதினாலு வருஷமா எங்களுக்கு எதிரா எத்தன அடிச்சான்?" என்று கேட்டாள்.

"ஏழு. இன்னிக்கோட எட்டு."

"படுபாவி." பின்னால் திரும்பி, கொட்டகையில் இருந்த நூறு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "கடலு நமக்கு ஆடிக் குடுத்து ஜெயிக்கற நெலமைக்கு இன்னும் வரல. எறங்குங்கடா எல்லாரும்!" பிறகு என் பக்கம் விரலை நீட்டினாள். "ஆனா ஒரு கண்டிஷன். நீ இங்கயே நிக்கற. ஆட்டம் முடியற வரைக்கும். எங்களோட."

இரண்டாம் பாதியில், என் சொந்த கோல்கீப்பருக்குப் பின்னால், கிர்க்மோர்க்காரர்களுக்கு நடுவில். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்யாத காரியம். அவளுக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்டாள். நான் வலைக்குப் பின்னால் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரெஃப்ரி இந்தப் பக்கமும் கையை உயர்த்தினார். ஆட்டம் தொடங்கியது. எங்கள் கோல்கீப்பர் டேவி தன் இடத்துக்கு வந்து, திரும்பி, என்னைப் பார்த்துப் பேயைப் பார்த்தவன் போல நின்றான்.

"யக்கா! நீ இங்க என்ன பண்ற? போ அந்தப் பக்கம்!"

"முன்னாடி பாரு டேவி."

"எனக்குப் பின்னாடி நிக்காதக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அவங்க வர்றாங்கடா, முன்னாடி பாரு!"

வந்தார்கள். கார்னரில் வந்த பந்து மூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தது, ஒரு சிவப்புச் சட்டை தலையால் முட்டியது, ஒன்றுக்கு ஒன்று. நெட்டா என் முதுகில் அறைந்த அறை இன்னும் வலிக்கிறது. டேவி வலையிலிருந்து பந்தை எடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வை அதைவிட வலித்தது.

போன் அடித்தது. ஸ்பென்ஸ். "அக்கா, என்ன சத்தம் அங்க? எங்களுக்கு ஒண்ணும் தெரியல. கோலா?"

"அவங்க கோலு. ஒண்ணுக்கு ஒண்ணு."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விசில். மூட்டம் முன்னைவிட அடர்ந்திருந்தது. ரெஃப்ரி மறுபடி நடுவில் போய் நின்றார், இரண்டு கேப்டன்களையும் அருகே கூப்பிட்டார். எங்கள் கேப்டன் சோர்லிதான். மூன்று நிழல்கள் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. மறுபடி போன்.

"அக்கா, கேளு." ஸ்பென்ஸ் குரலைத் தாழ்த்தியிருந்தான். "இன்னும் ஆறு நிமிஷம். பந்து இந்தப் பக்கமே வரல, அவங்க ஏறி ஏறி வர்றாங்க. நாங்க ஜாக்கெட்டக் கழட்டிரவா? வலை தெரியலன்னு ரத்து பண்ணிருவாரு. புதன்கிழமை புத்தம் புதுசா ஆடலாம். பதினோரு வருஷம்க்கா. நீ ஒரு வார்த்த சொல்லு, அஞ்சு செகண்டு வேல."

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரத்தனமான யோசனை. ஒரு ரசிகையாக நானும் அதைத்தான் யோசித்திருப்பேன். என் பக்கத்தில் நெட்டா, நான் கெஞ்சியதற்காக இறங்கி வந்தவள், கைகளை ஊதிக்கொண்டு நின்றாள்.

"வேணாம்," என்றேன். "இவங்கள எறங்கி வரச் சொல்லிட்டு நாம ஒளிஞ்சுக்கறதா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்த வருஷம் இங்க வர்றது? எவனாவது கழட்டுனீங்க, எல்லாரும் வீட்டுக்கு நடந்துதான் போவீங்க."

மானம் மரியாதையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் வாயிலிருந்து வந்தது. மனசுக்குள் ஓடியது நூறு, நூறு, நூறு. கிளப்பா தம்பியா என்று கேள்வி வந்தால் கிளப் என்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கேள்வி நிஜமாகவே வந்தபோது எனக்கு யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

நடுவில் நிழல்கள் கலைந்தன. ஆட்டம் தொடர்ந்தது.

எண்பத்தொன்பதாவது நிமிடம் கிர்க்மோர் இரண்டாவது கோல் அடித்தது. டேவியின் கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, என் மூக்குக்கு நேரே உள்ளே உருண்டது. இரண்டுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது. கொட்டகைக் கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தியது. நெட்டா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வருஷா வருஷம் இங்கயே வந்து நில்லு தாயி. ராசியான ஆளு நீ."

"போடி," என்றேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தோற்ற ரசிகைக்கு வரக் கூடாத சிரிப்பு.

எல்லோரும் கிளம்பினார்கள். டேவி கையுறையைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுப் போனான். மூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் நொண்டிக்கொண்டு வருவது தெரிந்தது. சோர்லி. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். முகமெல்லாம் சேறு. அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"தோத்துட்டோம்க்கா."

"தெரியும். முன்வரிசைலதான் நின்னேன்."

"என்னாலதான்."

"நீ அடிச்சவன்டா. உன்னால எப்படி?"

வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினான். "ரெண்டாவது தடவ நிறுத்துனாருல்ல. அப்போ அவருக்கே சந்தேகம். ‘கேப்டன், வலை உங்க கண்ணுக்குத் தெரியுதா, சொல்லுங்க’ன்னு எங்கிட்ட கேட்டாரு. எனக்கு என் காலே தெரியல. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஆட்டம் நின்னுருக்கும். பசங்களுக்குப் புதன்கிழமை இன்னொரு வாய்ப்பு கெடச்சிருக்கும். நான் கேப்டன்க்கா. அதத்தான் சொல்லிருக்கணும்." நிறுத்தினான். "நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஸ்பென்ஸ் அதே நேரத்துல போன் பண்ணுனான்," என்றேன். "ஜாக்கெட்டக் கழட்டிரவான்னு கேட்டான்."

மெதுவாக நிமிர்ந்தான். "நீ என்ன சொன்ன?"

"கழட்டுனா நடந்துதான் வீட்டுக்குப் போவீங்கன்னு சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் அவனுக்குத் தோள் குலுங்கியது. பிறகு எனக்கு. வேலியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

"நூறு அடிச்சிட்டேன்க்கா," என்றான்.

"அடிச்சிட்டடா."

"டேவிகிட்ட மட்டும் சொல்லிடாத."

அவன் தலையை இழுத்து, சேறும் வியர்வையுமாக இருந்த அந்த நெற்றியில் முத்தமிட்டேன். நல்லவேளை, மூட்டத்தில் நாங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.